ஆராய்ச்சித் துறையில் அம்மாக்கள்: தலைமைப் பயிற்சி, சக தாய்மார் வட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆராய்ச்சியில் இருக்கும் தாய்மார்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்க நடத்தும் ஒரு சிறு வட்டத்தில் சில ஆண்டுகளாக இருக்கிறேன். பிஎச்டி மாணவி, போஸ்ட்டாக் (பிஎச்டி முடித்தபின் தற்காலிகமாக ஆய்வு செய்பவர்), திட்டப் பணியாளர், பேராசிரியர் என்று பலரும் வருகிறார்கள். புதிதாக வருபவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். சட்டம், விதி பற்றிய தகவல்கள் இந்தியாவுக்கு உரியவை. பிற நாட்டு விவரம் வரும் இடங்களில் நாட்டின் பெயரைச் சொல்லியிருக்கிறேன்.

வேலையை விடுவது அவரவர் முடிவுதானே? இதற்கு எதற்குத் தனியாக ஒரு வட்டம்?

மனமொப்பி எடுத்த முடிவென்றால் அதில் யாரும் தலையிட வேண்டியதில்லை. ஆனால் எண்களைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. அமெரிக்காவில் அறிவியல், பொறியியல் வேலைகளில் இருந்தவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2019-ல் வெளியானது. முதல் குழந்தைக்குப் பிறகு 43 சதவீதத் தாய்மார்கள் முழுநேர அறிவியல் வேலையை விட்டு விலகியிருந்தார்கள். தந்தையரில் 23 சதவீதம் பேர். அந்த இரண்டாவது எண்ணையும் கவனியுங்கள். நாலில் ஒரு தந்தையும் தாக்குப்பிடிக்க முடியாத வேலை அமைப்பு என்றால், கோளாறு அம்மாக்களிடம் இல்லை.

நம் நாட்டில் எம்.எஸ்சி. வகுப்புகளில் பாதிக்கு மேல் பெண்கள். 2018 கணக்குப்படி ஆராய்ச்சி, மேம்பாட்டுப் பணியில் நேரடியாக இருப்பவர்களில் அவர்கள் 16.6 சதவீதம் மட்டுமே. இடையில் எங்கே போனார்கள் என்று இந்திய அறிவியல் அகாடமியும் பெங்களூரின் தேசிய உயர் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து தேடின. 2010-ல் வந்த அந்த அறிக்கையின் முடிவு பலருக்கும் வியப்பாக இருந்தது. குடும்பம்தான் காரணம் என்று ஊர் சொல்லிக்கொண்டிருக்க, நிறுவனங்களின் நடைமுறையும் வசதிக் குறைவும் வாய்ப்பின்மையும் பெரிய தடைகளாக நிற்பதை அது எடுத்துக் காட்டியது. குடும்பத்தைத் திருத்த ஒரு வட்டத்தால் முடியாது. ஆனால் நிறுவன நடைமுறையைத் திருத்த முடியும். வட்டம் வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

நான் இன்னும் போஸ்ட்டாக்தான். தலைமைப் பயிற்சி எனக்கு எதற்கு?

ஆய்வகம் கைக்கு வந்தபிறகு கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்தால் காலம் கடந்துவிடும். ஒரு லேபை நடத்த என்னென்ன தெரிய வேண்டும்? ஆள் எடுப்பது, நிதியைப் பிரிப்பது, இரண்டு மாணவர்களுக்குள் சண்டை வந்தால் தீர்ப்பது, கட்டுரையில் யார் பெயர் எங்கே வரும் என்று முன்கூட்டியே பேசிவிடுவது, துறைத் தலைவர் திணிக்கும் ஐந்தாவது கமிட்டிக்கு மரியாதை குறையாமல் ‘முடியாது’ என்பது. இதையெல்லாம் பிஎச்டியில் யாரும் கற்றுத் தருவதில்லை. ஐரோப்பாவின் எம்போ என்ற உயிரியல் ஆராய்ச்சி அமைப்பு ஆய்வகத் தலைமைக்கென்றே தனிப் பயிற்சி நடத்துவதும், தன் பயிற்சிகளுக்கு வரும் பெற்றோருக்குக் குழந்தைப் பராமரிப்புக்குப் பணம் தருவதும் இதை உணர்ந்துதான்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன். ‘தன்னம்பிக்கை வளர்ப்பு’ என்ற பெயரில் பெண்களுக்கு நடத்தப்படும் வகுப்புகளில் எனக்கு ஈடுபாடு இல்லை. இரவு மூன்று மணிக்குக் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைப் பார்த்துவிட்டு, காலை ஒன்பதரைக்கு வந்து தரவைக் காட்டிப் பேசுகிறவளுக்குத் தன்னம்பிக்கை குறைவா? அவளிடம் இல்லாதவை வேறு. எந்த நிதிக்கு எப்போது விண்ணப்பிப்பது என்ற தகவல் அவளுக்கு வந்து சேர்வதில்லை. அவள் இல்லாத அறையில் அவள் பெயரைச் சொல்ல ஆள் இல்லை. அறிவுரை சொல்ல நிறையப் பேர் உண்டு, பரிந்து பேசுகிறவர்கள் குறைவு. நல்ல பயிற்சி இந்த இரண்டையும் ஏற்படுத்தித் தர வேண்டும்.

வட்டத்தில் என்னதான் நடக்கும்? புலம்பல் கூட்டமா?

முதல் பத்து நிமிடம் புலம்பல்தான், அதுவும் தேவை. அதற்குப் பிறகு ஒரு முறை இருக்கிறது. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவருடைய சிக்கல் ஒன்றை மட்டும் எடுப்போம். அவர் சொல்வார், மற்றவர்கள் கேள்வி மட்டும் கேட்கலாம். ‘நானாயிருந்தா என்ன பண்ணுவேன்னா...’ என்று யாரும் ஆரம்பிக்கக் கூடாது. இதைக் கடைப்பிடிப்பது லேசு இல்லை. நமக்கெல்லாம் அறிவுரை நாக்கு நுனியில் நிற்கும்.

அடையாளம் தெரியாதபடி மாற்றி ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். ஒரு தோழி புரதம் பிரிக்கும் முறையை ஒன்றரை வருடம் போராடிச் சரிசெய்து வைத்துவிட்டுப் பிரசவ விடுப்பில் போனார். அந்த முறையை வைத்து ஒரு ஜூனியர் மாணவர் மீதிச் சோதனைகளை முடித்தார். திரும்பி வந்தால், கட்டுரை வரைவில் மாணவர் பெயர் முதலில், இவர் பெயர் மூன்றாவது. அதிகம் உழைத்தவர் பெயர்தான் முதலில் வர வேண்டும். அழுதுகொண்டேதான் பேசினார். எங்கள் கேள்விகள் இப்படிப் போயின: கட்டுரையில் எந்தெந்தப் படங்கள் உன் தரவு? ஆய்வுக் குறிப்பேட்டில் தேதி இருக்கிறதா? விடுப்புக்கு முன்னால் ஆசிரியர் வரிசை பற்றிப் பேசினீர்களா, எழுத்தில் இருக்கிறதா? மாணவர்மேல் கோபமா, கைடுமேலா? உனக்கு என்ன கிடைத்தால் போதும்?

கடைசிக் கேள்விக்கு அவர் நெடுநேரம் பதில் சொல்லவில்லை. பிறகு, “ரெண்டு பேரும் முதல் ஆசிரியர்னு போட்டா போதும், அவன் பேரு முன்னாடி இருந்தாலும் பரவாயில்ல” என்றார். அன்றிரவே படம் வாரியாகப் பட்டியல் போட்டு, குற்றம்சாட்டும் சொல் ஒன்றுகூட இல்லாமல் கைடுக்கு மெயில் எழுதினார். கைடு ஒத்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. யார் என்ன செய்தார் என்பதை உட்கார்ந்து யோசித்திருக்கவில்லை, அவ்வளவுதான். அந்தத் தோழி இப்போது தன் மாணவர்களுடன் ஆசிரியர் வரிசையைத் தொடக்கத்திலேயே பேசி எழுதி வைக்கிறார். தலைமைப் பண்பு என்று நான் சொல்வது இதைத்தான். தனக்கு நேர்ந்ததைத் தன்னோடு நிறுத்திவிடுகிறார்.

கர்ப்பமாக இருக்கிறேன். கைடிடம் எப்போது சொல்வது?

வெளியே சொல்வதை மூன்று மாதம் தள்ளிப்போடுவது நம் வீடுகளில் வழக்கம். ஆய்வகத்தில் அது எல்லோருக்கும் பொருந்தாது. கதிரியக்கப் பொருள், ஃபார்மால்டிஹைடு, சில கரிமக் கரைப்பான்கள், எதிடியம் புரோமைடு, தொற்றுக் கிருமி மாதிரிகள் ஆகியவற்றில் எதைக் கையாண்டாலும் உடனே ஒருவருக்காவது தெரிய வேண்டும். கைடிடம் தயக்கமாக இருந்தால் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லுங்கள். கதிரியக்கம் என்றால், கர்ப்பம் தெரிவிக்கப்பட்ட பிறகு கருவுக்குக் கூடுதலாகச் சேரும் கதிர்வீச்சு அளவு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது சர்வதேசப் பரிந்துரை. நீங்கள் தெரிவித்தால்தான் அந்தப் பாதுகாப்பு தொடங்கும்.

கைடிடம் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரே ஒரு பக்கம் எழுதி எடுத்துப் போங்கள். நடந்துகொண்டிருக்கும் சோதனைகள், அவற்றில் எதை நிறுத்தி வைக்கலாம், எதை யார் பார்த்துக்கொள்வது, செல்களும் மாதிரிகளும் எந்த உறைபெட்டியில் எந்தத் தட்டில் இருக்கின்றன, கட்டுரையில் பெயர் வரிசை எப்படி. பேசி முடித்ததும், “நாம் இன்று பேசியது இதுதானே” என்று மெயிலில் அனுப்பிவிடுங்கள். இது அவநம்பிக்கை ஆகாது. ஆறு மாதம் கழித்து யாருக்கும் நினைவு சரியாக இருக்காது.

சட்டப்படி எனக்கு என்ன உண்டு?

நீங்கள் எந்தப் பதவிப் பெயரில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் சம்பளத்தோடு கூடிய மகப்பேறு விடுப்பை முதல் இரண்டு குழந்தைகளுக்கு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கியது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம் என்றும் சொன்னது. மத்திய அரசு ஊழியருக்கு மகப்பேறு விடுப்பு 180 நாள். அதற்கு மேல், பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. தமிழ்நாடு அரசு ஊழியருக்கு மகப்பேறு விடுப்பு 2021 ஜூலை முதல் 12 மாதம்.

பிஎச்டி மாணவி ஊழியர் இல்லை. அவருக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) விதிகள்தான். படிப்புக் காலத்தில் 240 நாள் வரை மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்பு விடுப்பு எடுக்கலாம். ஆய்வேடு சமர்ப்பிக்கப் பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டு கிடைக்கும். இந்த 240 நாளைப் பற்றித் துறை அலுவலகத்திலேயே தெரியாமல் இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறோம். விதியின் நகலை அச்செடுத்து விண்ணப்பத்தோடு இணைத்துக் கொடுங்கள்.

திட்டப் பணியில் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் நிலைதான் வேதனை. விதி எழுத்தில் இருந்தாலும், ‘திட்டமே மார்ச்சில் முடிகிறது’ என்ற ஒரு வரியில் எல்லாம் அடிபட்டுப் போகும். பணியில் சேரும்போதே நியமனக் கடிதத்தில் விடுப்பு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எதுவும் இல்லையென்றால் அப்போதே கேளுங்கள்.

வீட்டு வேலைக்கு ஆள் வைக்கக் கட்டுப்படியாகவில்லை. இதை ஆராய்ச்சிச் சிக்கல் என்று சொல்ல முடியுமா?

தாராளமாகச் சொல்லலாம். ஈயின் கருவளர்ச்சியை ஆராய்ந்து 1995-ல் நோபல் பரிசு பெற்ற ஜெர்மானியர் கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்ட் அப்படித்தான் நினைத்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனாலும் தன்னிடம் வந்த திறமையான பெண்கள் தாயானதும் நேரமில்லாமல் திணறுவதைப் பார்த்து 2004-ல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்யும் இளம் தாய்மார்களுக்கு அது மாதந்தோறும் சில நூறு யூரோ தருகிறது. அதை வைத்து ரசாயனம் வாங்கக் கூடாது. வீடு துடைக்க, துணி துவைக்க, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்க வேண்டும். அந்த நேரத்தில் நீ ஆராய்ச்சி செய் என்பதுதான் ஏற்பாடு. இவ்வளவு நேரடியான உதவித்தொகையை நான் வேறெங்கும் அதிகம் பார்த்ததில்லை. நம் நாட்டு நிதி நிறுவனங்கள் இதைப் பின்பற்ற வேண்டும் என்று வாய்ப்புக் கிடைக்கும் போதெல்லாம் சொல்லி வருகிறேன்.

பணமே இல்லாமலும் ஒரு வழி உண்டு. மேரி கியூரி பாரிஸில் தன் மகள் ஐரீனுக்காகச் செய்தது அது. சக பேராசிரியர் குடும்பங்கள் சில சேர்ந்து, பிள்ளைகளுக்குத் தாங்களே முறைவைத்துப் பாடம் எடுத்தார்கள். கியூரி இயற்பியல், ழான் பெரின் வேதியியல், லாங்ஜெவின் கணிதம். இரண்டு ஆண்டு போல நடந்தது. அதற்கு முன்னால் ஐரீனை வளர்த்ததில் பெரும்பங்கு மேரியின் மாமனாருக்கு. நோபல் பரிசுகளைச் சொல்லும்போது அந்தத் தாத்தாவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மூன்று வருடம் பிரேக் விழுந்துவிட்டது. இனி யார் சேர்த்துக்கொள்வார்கள்?

இந்தக் கேள்வியோடு வருபவர்கள்தான் அதிகம். வழிகள் இருக்கின்றன. இந்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை, இடைவெளி விழுந்த பெண்களுக்கென்றே 2002 வாக்கில் தொடங்கிய திட்டம் இப்போது வைஸ்-கிரண் என்ற பெயரில் நடக்கிறது. பிஎச்டி, பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வு இரண்டுக்கும் அதில் உதவி உண்டு. சோதனை மேசைக்குத் திரும்ப விருப்பமில்லாதவர்களுக்குக் காப்புரிமைப் பணிக்கான பயிற்சியும் உண்டு. உயிரி தொழில்நுட்பத் துறை பயோகேர் என்ற திட்டத்தைத் தொடங்கியது. அறிவிப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதனால் வட்டத்தில் ஒருவருக்கு இந்த இணையதளங்களைப் பார்த்துச் சொல்வதே வேலை. பிரிட்டனில் டாஃப்னி ஜாக்சன் அறக்கட்டளை, இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ விலகியிருந்தவர்களுக்குப் பகுதிநேர ஆய்வு வேலையோடு மறுபயிற்சியும் தருகிறது. பகுதிநேரம் என்பதுதான் அதில் முக்கியம்.

தற்குறிப்பில் இடைவெளியை மறைக்காதீர்கள். மறைத்தால் படிப்பவர் அதைவிட மோசமாகக் கற்பனை செய்வார். “2019 மார்ச் – 2021 டிசம்பர்: மகப்பேறு, குழந்தை வளர்ப்பு. இக்காலத்தில் ஒரு ஆய்வுக்கட்டுரை திருத்தி வெளியிடப்பட்டது” என்று தேதியோடு இரண்டு வரி போதும். மன்னிப்புக் கேட்கும் தொனியே வேண்டாம். ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றத்தில் தொடக்கநிலை நிதிக்கு விண்ணப்பிக்கும் தாய்க்கு ஒரு குழந்தைக்கு 18 மாதம் என்று தகுதிக் காலத்தை நீட்டித்துக் கணக்கிடுகிறார்கள். எவ்வளவு நாள் விடுப்பு எடுத்தாய் என்று கேட்பதில்லை.

இப்படிப் பேசி எங்காவது ஒரு விதி மாறியிருக்கிறதா?

பிரேசிலில் மாறியது. எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

தெற்குப் பிரேசிலின் போர்த்தோ அலெக்ரே நகரில் ஒரு கூட்டாட்சிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே உயிரியலாளராக இருக்கும் ஃபெர்னாண்டா ஸ்டானிஸ்குவாஸ்கி, தாயான பிறகு தன் ஆய்வு வேகம் குறைந்ததையும், நிதிப் போட்டியில் அதற்கு எந்தக் கணக்கும் வைக்கப்படாததையும் கண்டார். பேசிப் பார்த்தால் சக ஆய்வாளர்கள் பலருக்கும் அதே கதை. 2016-ல் ‘பேரன்ட் இன் சயின்ஸ்’ என்ற குழு உருவானது. அவர்கள் செய்த புத்திசாலித்தனமான காரியம், தங்கள் வேதனையைத் தரவாக்கியது. விஞ்ஞானிகள் அல்லவா! குழந்தை பிறந்த ஆண்டுக்குப் பின் வெளியீடுகள் எப்படி இறங்குகின்றன, எப்போது மீள்கின்றன என்று நாடு முழுக்கக் கேட்டுத் தொகுத்தார்கள். கொரோனா காலத்தில் மறுபடியும் கேட்டபோது, கட்டுரை அனுப்புவதில் அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் கறுப்பினப் பெண்களும் தாய்மார்களும் என்றும், பிள்ளையில்லாத ஆண்களுக்குப் பாதிப்பு மிகக் குறைவு என்றும் தெரிந்தது.

அந்த நாட்டில் ஆய்வாளர் எல்லோருக்கும் ‘லாட்டெஸ்’ என்ற தேசியத் தற்குறிப்புத் தளம் உண்டு. நிதி, பதவி, விருது எல்லாவற்றுக்கும் அதைத்தான் பார்ப்பார்கள். அதில் மகப்பேறு விடுப்பைக் குறிப்பிட ஒரு இடம் வேண்டும் என்று குழு கேட்டது. கேட்டது ஒரே ஒரு கட்டம்தான். 2021 ஏப்ரலில் அது வந்தது. உதவித்தொகை பெறும் ஆய்வாளருக்குப் பிரசவத்தின்போது 120 நாள் நீட்டிப்பு தரும் சட்டம் அங்கே 2017-ன் இறுதியிலேயே வந்துவிட்டது. 2024-ல் இன்னொரு சட்டம், பிரசவம் அல்லது தத்தெடுப்புக்காகப் படிப்பின் கெடுக்களைக் குறைந்தது 180 நாள் நீட்டிக்க வேண்டும் என்றது.

ஆறுதல் மட்டும் தரும் வட்டம் ஓரிரு ஆண்டில் ஓய்ந்துவிடும். பயிற்சி மட்டும் தந்தால் சான்றிதழ் மிஞ்சும். இரண்டும் சேர்ந்து ஏதாவது ஒரு படிவத்தின் ஒரு வரியை மாற்றினால், நம்மை யாரென்றே தெரியாத ஒரு பெண்ணுக்கும் அது போய்ச் சேருகிறது. எங்கள் வட்டத்தில் ஒவ்வொரு ஆண்டும் ஒரே ஒரு வரியைக் குறிவைப்போம்.

“எப்படித்தான் சமாளிக்கிறீர்களோ!” என்று பாராட்டுகிறார்கள். என்ன பதில் சொல்வது?

2014-ல் மங்கள்யான் செவ்வாயைச் சுற்றத் தொடங்கிய நாளில், பட்டுப்புடவையும் தலையில் பூவுமாக இஸ்ரோ பெண்கள் சிரித்த படம் உலகமெல்லாம் போயிற்று. எனக்கும் அந்தப் படம் உயிர். ஆனால் அதை வைத்து ‘வீட்டையும் விண்வெளியையும் ஒரே கையில் தூக்கும் பெண்’ என்று எழுதப்பட்ட கட்டுரைகள், பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்கவே இல்லை. பாராட்டுகிறவர்களிடம் பெயர் சொல்லிச் சொல்லுங்கள்: “என் அம்மா இருக்கிறார், கணவர் காலையில் சமைக்கிறார், மத்தியானம் காப்பகம்.” அந்த மூன்றும் இல்லாத ஒரு பெண் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கலாம். தன்னிடம்தான் குறை என்று அவள் நினைத்துவிடக் கூடாது.

ஆண்கள் வரலாமா?

சிக்கலைப் பேசும் கூட்டத்துக்கு வேண்டாம். விதி மாற்றும் கூட்டத்துக்குக் கட்டாயம் வர வேண்டும்.

எங்கள் நிறுவனத்தில் ஒரு வட்டம் தொடங்க நினைக்கிறேன். எதிலிருந்து ஆரம்பிப்பது?

ஐந்தாறு பேர் போதும். பத்தைத் தாண்டினால் பேசத் தயங்குகிறவர்கள் பேசவே மாட்டார்கள். ஒரே கைடின் கீழ் இருப்பவர்களை ஒரே வட்டத்தில் போடாதீர்கள். முடிந்தால் வேறு வேறு துறைகளிலிருந்து சேருங்கள். மாலை ஐந்தரைக்குக் கூட்டம் வைத்தால் யாருக்காக வட்டமோ அவர்களே வரமுடியாது. மதிய உணவு வேளைதான் சரி, சாப்பாட்டு டப்பாவோடு வரச் சொல்லுங்கள். கைக்குழந்தை இருந்தால் தூக்கிக்கொண்டே வரட்டும். பேசியது வெளியே போகக் கூடாது. வாட்ஸ்அப்பில் யார் பெயரும் எழுதக் கூடாது.

முதல் வேலையாக உங்கள் கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். பால் எடுத்து வைக்கத் தாழ்ப்பாள் உள்ள அறையும், ரசாயனம் வைக்காத ஒரு குளிர்பெட்டியும் இருக்கிறதா? பல இடங்களில் கழிவறையில் நின்றுகொண்டே பால் எடுக்கிறார்கள். ஒரு நாற்காலி, ஒரு மின்இணைப்பு, ஒரு தாழ்ப்பாள் கேட்டு எழுதும் கடிதம்தான் முதல் வெற்றியாக அமையும். பெரிய செலவு இல்லை என்பதால் மறுப்பதற்குக் காரணம் தேடுவதும் கஷ்டம்.

என் பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். எனக்கு இந்த வட்டத்தில் என்ன வேலை?

உங்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம். தேர்வுக் குழுவிலும் நிதிக் குழுவிலும் உட்காரும் தாய் நீங்கள். ‘இந்த இரண்டு வருடம் கட்டுரையே இல்லையே’ என்று ஒருவர் சொல்லும்போது, அந்தக் காலத்தைக் கழித்துவிட்டு மீதி ஆண்டுகளுக்கு எத்தனை என்று கணக்கிடச் சொல்லுங்கள். ‘கைக்குழந்தை இருக்கிறதே, வெளியூர் களப்பணிக்கு வருவாரா’ என்று யாராவது கேட்டால், அதே கேள்வியை ஆண் விண்ணப்பதாரரிடம் கேட்டோமா என்று குறிப்பேட்டில் பதியச் சொல்லுங்கள். கூட்டத்தில் சொன்னது காற்றோடு போகும், பதிவானால் அடுத்த குழு அதைப் படிக்கும். கருத்தரங்கு ஏற்பாடு உங்கள் கையில் இருந்தால், விருந்துச் செலவில் கொஞ்சம் குறைத்து இரண்டு நாளுக்கு ஓர் ஆயாவை ஏற்பாடு செய்து, அழைப்பிதழிலேயே ‘குழந்தையோடு வரலாம்’ என்று அச்சிடுங்கள்.